எழுத்தைச் செதுக்கியவர்: ஜான் பாஸ்கர்வில்

கவிதை எழுதுவோர் கூடினால் சொல்லைப் பற்றிப் பேசுவோம். ஓசை நயத்தையும் பொருளாழத்தையும் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவோம். அந்தச் சொல் எந்த வடிவம் கொண்டு தாளில் ஏறுகிறது, எத்தகைய கோலத்தோடு வாசகரின் கண்முன் நிற்கிறது என்பதைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. அது அச்சகத்தார் பாடு என்று விட்டுவிடுகிறோம். நம் வட்டத்தின் பத்தாண்டுப் பயணம் ஒரு மலராகக் கைக்கு வரும் இவ்வேளையில், அச்செழுத்தின் அழகுக்காகவே தம் செல்வத்தையும் வாழ்நாளில் பாதியையும் செலவிட்ட ஒருவரின் வரலாற்றை நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். அவர் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வாழ்ந்த ஜான் பாஸ்கர்வில். உரோமானிய எழுத்து வகைகளுள் அவர் பெயரால் வழங்கும் எழுத்து இன்றும் உலகெங்கும் நூல்களைச் சுமந்து நிற்கிறது.

கல்லும் இறகும்

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் வுல்வர்லி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். 1707ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவருக்குத் திருமுழுக்கு நடந்தது. இருபது வயதை ஒட்டிய பருவத்தில் பர்மிங்காமுக்கு வந்தார். அங்கே இரண்டு தொழில்கள் அவருக்குச் சோறு போட்டன. ஒன்று, அழகாக எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் தொழில். மற்றொன்று, கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டும் தொழில். எந்தக் கையெழுத்துப் பாணியிலும் கல்லறைக் கல் வெட்டித் தரப்படும் என்று அவர் தம் கையால் செதுக்கி வைத்த விளம்பரப் பலகைக்கல் ஒன்று பர்மிங்காம் நூலகத்தில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது.

பிற்காலத்தில் அவர் படைத்த அச்செழுத்தின் இயல்பு முழுவதையும் இந்த இரண்டு தொழில்களுக்குள்ளேயே காணலாம். இறகுப் பேனாவின் முனை அகன்றது. கீழ்நோக்கி அழுத்தி இழுத்தால் கோடு தடிக்கும். மேல்நோக்கி மெல்ல எடுத்தால் மயிரிழையாகும். எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்த நம் எழுத்துக்கு இத்தகைய தடிப்பும் மெலிவும் பெரிதாக இல்லை. இலத்தீன் எழுத்துக்கோ இந்த வேற்றுமையே உயிர். உளி தந்த கொடை வேறு. கல்லில் வெட்டிய கோட்டின் முனையில் சிறு குறுக்குக்கோடு ஒன்று பாதம்போல அமைந்து எழுத்தை நிலத்தில் ஊன்றி நிறுத்தும். இதனையே அச்சுத் தொழிலில் செரிஃப் என்பர். இறகின் ஏற்ற இறக்கமும் உளியின் கூர்மையும் ஒரே மனிதரின் கைகளில் பழகியிருந்தன. அவை ஓர் எழுத்தில் கூடுவதற்குக் காலமும் பொருளும் மட்டுமே வேண்டியிருந்தன.

பொருளைத் தந்தது மூன்றாவது தொழில். ஜப்பானிய முறையைப் பின்பற்றித் தகட்டுத் தட்டுகளிலும் பெட்டிகளிலும் பளபளக்கும் மெருகுப் பூச்சு இடும் தொழிலை அவர் மேற்கொண்டார். 1742இல் அத்தொழில் சார்ந்த கருவியமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். செல்வம் குவிந்தது. நகரத்தின் ஓரத்தில் நிலம் எடுத்து, ஈசி ஹில் என்று பெயரிட்டுப் பெரிய மனையொன்றைக் கட்டினார். சரிகை வேய்ந்த உடையும் ஓவியம் தீட்டிய வண்டியுமாக அவர் ஊர்வலம்போல் நகருக்குள் சென்றுவந்ததை அக்காலத்தார் குறித்து வைத்திருக்கின்றனர். அடக்கம் அவருடைய அணிகலன் அன்று.

ஏழாண்டுத் தவம்

நாற்பது வயதைக் கடந்த செல்வந்தர் ஒருவர் அந்நிலையில் ஓய்வை நாடலாம். மேலும் பொருள் சேர்க்கலாம். பாஸ்கர்வில் ஏறத்தாழ 1750இல் எழுத்து வார்க்கத் தொடங்கினார். அக்காலத்தில் ஓர் எழுத்தைப் படைப்பது எளிய செயல் அன்று. முதலில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அந்த எஃகு முத்திரையைச் செம்பில் அறைந்தால் தாயச்சு கிடைக்கும். தாயச்சில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால்தான் ஓர் எழுத்து பிறக்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சாய்வெழுத்து, எண், நிறுத்தக்குறி என ஒவ்வொன்றுக்கும், ஒவ்வோர் அளவுக்கும் இப்பணி தனித்தனியே நடக்க வேண்டும். முத்திரை வெட்டியவர் ஜான் ஹாண்டி என்னும் கைவினைஞர். வடிவம் பாஸ்கர்விலுடையது, கை ஹாண்டியுடையது. இந்த இரண்டாம் பெயரையும் நாம் மறந்துவிடலாகாது.

எழுத்தை வார்த்ததோடு அவர் நிற்கவில்லை. அன்றைய மை சாம்பல் நிறத்தில் வெளிறியது; ஆழ்ந்த கருமை கொண்ட மையைத் தாமே காய்ச்சினார். அன்றைய அச்சுப்பொறியில் தாளுக்குப் பின்னால் வைக்கும் மெத்தை மென்மையானது. எழுத்து தாளில் புதைந்து விளிம்பு சிதையும். மெத்தையை மெலிதாக்கி, அழுத்தும் பரப்பைச் சமனாக்கினார். அன்றைய தாளில் வலைக்கம்பியின் வரிகள் தெரியும். கென்ட் பகுதியில் ஜேம்ஸ் வாட்மன் என்பார் உருவாக்கிய வரியற்ற புதிய தாளைத் தம் முதல் நூலின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தினார். அச்சான தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தி மெருகேற்றினார். மெருகுப் பூச்சுத் தொழிலின் பழக்கம் இங்கே கைகொடுத்தது என்று கருத இடமுண்டு. மயிரிழைக் கோடு உடையாமல் விழ வேண்டுமானால் தாள் வழவழப்பாக இருந்தாக வேண்டும்; தடித்த கோடு கம்பீரமாக நிற்க வேண்டுமானால் மை கருமையாக இருந்தாக வேண்டும். எழுத்து, மை, தாள், பொறி ஆகிய நான்கையும் ஒரே கலைப்பொருளின் உறுப்புகளாகக் கண்டது அவருடைய தனிச்சிறப்பு.

ஏழாண்டுகளுக்குப் பிறகு, 1757இல் முதல் நூல் வெளிவந்தது. அதற்கு அவர் தேர்ந்தது கவிதை. இலத்தீன் மகாகவி வர்ஜிலின் படைப்புகள், ஒரு கினி விலையில், முன்பதிவு செய்தோருக்கு வழங்கப்பட்டன. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் ஆறு படிகளுக்குப் பதிவு செய்திருந்தார். அடுத்த ஆண்டு மில்டனின் பேரடைஸ் லாஸ்ட் வந்தது. அந்நூலின் முன்னுரையில், சிறுவயது முதலே எழுத்தின் அழகில் தமக்கிருந்த ஈடுபாட்டையும், மூத்த வார்ப்புக் கலைஞர் வில்லியம் காஸ்லனின் மேன்மையையும் அவர் எடுத்துரைத்தார். பல நூல்களை அச்சிடுவது தம் விருப்பம் அன்று. நிலைபேறுடைய சில நூல்களை மட்டும் செம்மையாக அச்சிடுவதே நோக்கம் என்றும் அறிவித்தார்.

அந்த நூல்களின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்தவர்கள் வியந்தனர். அக்காலத்து வழக்கமான பூவேலையும் கொடியோவியமும் அங்கே இல்லை. வெற்றுத் தாளின் நடுவே, இடைவெளி விட்டு நிறுத்திய பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. கவிதையில் மௌனம் ஆற்றும் பணியை அங்கே வெண்மை ஆற்றியது.

பழியும் ஒரு விளையாட்டும்

புதுமைக்குப் பழி உடன்பிறப்பு. பாஸ்கர்வில்லின் எழுத்தில் தடிப்புக்கும் மெலிவுக்கும் வேற்றுமை மிகுதி. அதைப் படித்தால் கண் கெடும் என்று அச்சுத் தொழிலாரும் கற்றோரும் பேசத் தொடங்கினர். நாட்டையே குருடாக்கிவிடுவார் என்று சொன்னவரும் உண்டு.

அவ்வாறு சொன்ன ஒருவரிடம் பிராங்ளின் விளையாடிய விளையாட்டு அச்சு வரலாற்றில் புகழ்பெற்றது. 1760இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய மடலில் அவரே அதனை விவரித்தார். தம்மைக் காண வந்த அன்பர் பாஸ்கர்வில்லின் எழுத்தைக் குறைகூறியபோது, பிராங்ளின் உள்ளே சென்று, காஸ்லனின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, அதன் தலைப்பிலிருந்த பெயரைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லின் மாதிரி என்று சொல்லி நீட்டினார். வந்தவர் ஒவ்வோர் எழுத்தாகக் குற்றம் கண்டார். படிக்கும்போதே கண் வலிப்பதாகவும் கூறினார். அவர் வாழ்நாள் முழுவதும் கண்வலியின்றிப் படித்துவந்த எழுத்து அந்தக் காஸ்லன் எழுத்துதான். அன்பரின் மானம் கருதிப் பிராங்ளின் உண்மையை அவரிடம் சொல்லவில்லை.

கவிஞர்களாகிய நமக்கு இந்நிகழ்ச்சி வெறும் வேடிக்கையாக நின்றுவிடலாகாது. பெயரைக் கேட்டுவிட்டுப் படைப்பைப் படிப்பவர்கள் எழுத்து வார்ப்புத் துறையில் மட்டுமா இருக்கின்றனர்? நம் அரங்குகளில் ஒரு கவிதையின் தலைப்பில் உள்ள பெயரைக் கிழித்துவிட்டு வாசிக்கக் கொடுத்தால், எத்தனை பாராட்டுகள் இடம் மாறும், எத்தனை கண்வலிகள் தீரும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இதனால் பாஸ்கர்வில் குறையே இல்லாதவர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்காக அவர் செய்து கொடுத்த கிரேக்க எழுத்து தோல்வி என்றே அறிஞர் பலர் கருதினர். கிரேக்க எழுத்தின் நடையோட்டம் அவர் கைக்குப் பிடிபடவில்லை. ஒரு மொழியின் எழுத்தழகு அம்மொழியைக் கையால் எழுதிப் பழகியவர்க்கே வசப்படும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

நம்பாதவர் அச்சிட்ட வேதம்

1758இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவரைத் தன் அச்சாளர்களுள் ஒருவராக ஏற்றது. வழிபாட்டு நூலையும் விவிலியத்தையும் அங்கே அச்சிட்டார். 1763இல் வெளிவந்த பெரிய அளவு விவிலியம் அவருடைய பணிகளின் சிகரம் எனப் போற்றப்படுகிறது. 1,250 படிகள் அச்சாயின. விற்பனையோ மந்தம். எஞ்சிய படிகள் ஏராளமாகத் தேங்கி, பின்னர் மலிந்த விலைக்குப் போயின. பல்கலைக்கழகத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணமும் அவர் தோளில் ஏறியது. தம் எழுத்துகளையும் கருவிகளையும் மொத்தமாக விற்றுவிட அவர் பலமுறை முயன்றும் கொள்வார் இல்லை.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த விவிலியத்தை அத்தனை பக்தியோடு அச்சிட்டவர் மதநம்பிக்கை அற்றவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. அவருடைய இல்வாழ்க்கையும் ஊரார் வாய்க்கு அவலாயிற்று. கணவரால் கைவிடப்பட்ட சாரா ஈவ்ஸ் என்னும் பெண்மணி தம் குழந்தைகளோடு அவர் மனைக்கு வீட்டுப் பொறுப்பாளராக வந்தார்; காலப்போக்கில் துணைவியானார். சட்டப்படியான கணவர் இறந்த பிறகே, 1764இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். அதுவரை எழுந்த ஏச்சுகளைப் பொருட்படுத்தாமல் சாரா அச்சகத்திலும் வார்ப்பகத்திலும் உடன் நின்றார். கடைசி ஆண்டுகளில் ஹோரஸ், லுக்ரீஷியஸ் முதலிய இலத்தீன் கவிஞர்களும், இத்தாலியக் கவி அரியோஸ்தோவும் அந்த அச்சகத்திலிருந்து வெளிவந்தனர்.

1775 சனவரி 8ஆம் நாள் பாஸ்கர்வில் காலமானார். கோயில் மண்ணில் தம்மைப் புதைக்கலாகாது. தோட்டத்திலுள்ள கூம்பு வடிவக் கட்டடத்திலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அவ்வாறே நடந்தது. எத்தனையோ பேரின் கல்லறைக்கு எழுத்து வெட்டியவர், தம் கல்லறை வாசகத்தையும் தாமே எழுதி வைத்திருந்தார்.

ஆனால் அவர் உடலுக்கு அமைதி கிட்டவில்லை. 1791இல் பர்மிங்காமில் மூண்ட கலவரத்தில் அந்த மனை எரிந்தது. 1820களின் தொடக்கத்தில் கால்வாய்த் துறைக்காக நிலத்தைத் தோண்டியபோது ஈயப்பேழை வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அது கிடங்கிலும் கடையிலும் காட்சிப்பொருளாய்க் கிடந்தது. பிறகு கிறைஸ்ட் சர்ச் என்னும் தேவாலயத்தின் நிலவறைக்குள் சென்றது. அந்தத் தேவாலயமும் நூற்றாண்டின் இறுதியில் இடிபட, எலும்புகள் வார்ஸ்டோன் லேன் கல்லறைக்கு மாற்றப்பட்டன. எந்த மண் வேண்டாம் என்றாரோ அந்த மண்ணிலேயே இறுதியில் தங்கினார்.

எழுத்தின் பயணம்

உடலைப் போலவே எழுத்தும் ஊர் சுற்றியது. இங்கிலாந்தில் வாங்குவாரில்லாத அந்த முத்திரைகளையும் தாயச்சுகளையும் 1779இல் பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷே, சாராவிடமிருந்து 3,700 பவுனுக்கு வாங்கிச் சென்றார். வால்டேரின் முழுப் படைப்புகளையும் அச்சிடுவது அவர் திட்டம். பிரான்சில் வால்டேர் நூல்களுக்குத் தடை இருந்தமையால், ரைன் ஆற்றுக்கு அப்பால் கேல் என்னும் ஊரில் அச்சகம் அமைத்தார். ஓர் ஐயவாதியின் எழுத்தில் இன்னோர் ஐயவாதியின் சொற்கள் அச்சேறின. இத்தாலியில் பொதோனியும் பிரான்சில் திதோ குடும்பத்தாரும் பாஸ்கர்வில் காட்டிய வழியில் மேலும் சென்று, தடிப்பையும் மெலிவையும் எல்லைவரை கொண்டுபோயினர்.

பிறந்த நாடு அவரை மறந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நூற்கலைஞர் புரூஸ் ராஜர்ஸ் அந்த எழுத்தின் அருமையை மீண்டும் உணர்த்தினார். 1923இல் மோனோடைப் நிறுவனம் அதைப் புதுப்பித்து வெளியிட்டது. பிரான்சில் கைமாறிக் கைமாறித் தங்கியிருந்த மூல முத்திரைகளை 1953இல் சார்லஸ் பேஞோ என்னும் வார்ப்பக உரிமையாளர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். 1996இல் சூசானா லிக்கோ என்னும் எழுத்து வடிவமைப்பாளர், பாஸ்கர்வில் மரபில் தாம் செய்த எழுத்துக்கு மிஸஸ் ஈவ்ஸ் எனப் பெயரிட்டுச் சாராவின் உழைப்புக்கு நன்றி செலுத்தினார்.

தடித்த வடிவமும் அதன் பயனும்

இன்று நாம் தலைப்புகளில் காணும் பாஸ்கர்வில் தடித்த எழுத்தை அவர் வார்க்கவில்லை. உடல் எழுத்துக்குத் துணையாகத் தடித்த எழுத்து ஒன்றை வைத்துக்கொள்ளும் வழக்கமே அக்காலத்தில் இல்லை. ஒன்றை அழுத்திக் காட்ட விரும்பினால் பெரிய எழுத்தையோ சாய்வெழுத்தையோ பயன்படுத்துவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளம்பரத் தட்டிகள் பெருகியபோது தடித்த எழுத்துகள் பிறந்தன. 1845இல் இலண்டனில் வெளிவந்த கிளாரெண்டன், உடல் எழுத்தோடு சேர்த்து ஆளுவதற்கென்றே அமைந்த தடித்த எழுத்து. அந்த வழக்கம் வேரூன்றிய பிறகு, பின்வந்தோர் பாஸ்கர்வில் எழுத்துக்கும் தடித்த வடிவம் அமைத்தனர்.

அந்த வடிவம் கனத்தைத் தாங்குவதற்குக் காரணம் மூல எழுத்தின் உடலமைப்பே. அதன் பெரிய எழுத்துகள் அகன்று வட்டமானவை. கோடுகள் தடித்தாலும் உள்ளேயுள்ள வெளி அடைபடுவதில்லை. நிமிர்ந்த கோடுகள் பருக்கின்றன. மெல்லிய கோடுகள் மெல்லியவையாகவே இருக்க முயல்கின்றன. ஆகவே கனம் கூடும்போது கூர்மையும் கூடுகிறது. கியூ என்னும் எழுத்தின் வீசிய வால், சிறிய ஜி எழுத்தின் மூடாத கீழ்வளைவு முதலியன இறகின் நினைவைக் கைவிடாமல் வைத்திருக்கின்றன. உரக்கக் கத்தாமல் ஓங்கி ஒலிக்கும் குரல் என்று இதனைச் சொல்லலாம். நூலின் முகப்பு, தலைப்புப் பக்கம், இயல் தலைப்பு, நினைவுப் பலகை ஆகியவற்றுக்கு அது மிகப் பொருந்தும். கனடா அரசின் பெயர்ச்சின்னத்திலும் பாஸ்கர்வில் எழுத்தின் மாற்றுருவே இடம்பெற்றுள்ளது.

எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது என்பதும் உண்மை. சிறிய அளவில் அச்சிட்டால் மெல்லிய கோடுகள் உடையும். மட்டமான தாளில் மை பரவித் தடித்த கோடுகள் ஒட்டிக்கொள்ளும். பக்கம் முழுவதும் அதில் கோத்தால் கண்ணுக்கு இளைப்பாற இடமிராது. கவிதை நூல் வெளியிடுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவிதைக்குள் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் இட்டு அதற்கு வலிமை சேர்க்க முயல்வது, அச்சொல் தானாக நிற்காது என்று ஒப்புக்கொள்வதாகும். தலைப்பு தடித்து நிற்கட்டும். அதன்கீழே போதிய வெண்மை இருக்கட்டும். கவிதை தன் எடையால் நிற்கட்டும். எந்த மொழியின் எழுத்துக்கும் இது பொது.

2012இல் அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் எரல் மாரிஸ் ஒரு சோதனை நடத்தினார். ஒரே செய்தியை ஆறு வகை எழுத்துகளில் நியூயார்க் டைம்ஸ் இதழின் இணையப் பக்கத்தில் வெளியிட்டு, அச்செய்தியை ஏற்கின்றீர்களா என்று வாசகரிடம் கேட்டார். ஏறத்தாழ 45,000 பேர் விடையளித்தனர். பாஸ்கர்வில் எழுத்தில் படித்தவர்களே மற்றவர்களைக் காட்டிலும் சற்று மிகுதியாக அதனை நம்பினர். வேற்றுமை சிறிதுதான். எனினும் கண்ணைக் கெடுக்கும் என்று பழிக்கப்பட்ட எழுத்து, நம்பிக்கையைப் பெற்றுத்தரும் எழுத்தாக மாற இரண்டரை நூற்றாண்டு தேவைப்பட்டது. எதையும் எளிதில் நம்பாத ஒருவரின் கைவண்ணத்துக்கு இப்படியொரு பேறு!

அவர் மனை இருந்த இடத்தின் அருகே, பாஸ்கர்வில் ஹவுஸ் என்னும் கட்டடத்தின் முன்னால், டேவிட் பாட்டன் என்னும் சிற்பி 1990இல் ஒரு நினைவுச் சின்னம் அமைத்தார். அங்கே பாஸ்கர்வில்லின் உருவச்சிலை இல்லை. எஃகு முத்திரைகளைப் போலக் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன; அவற்றின் முகத்தில் உலோக எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்துள்ளன. சேர்த்துப் படித்தால் வர்ஜில் என்று வரும். அச்சாளரின் நினைவிடத்தில் கவிஞரின் பெயர் நிற்கிறது. சொல்லைக் கவிஞர் தருகிறார். அச்சொல் நிற்பதற்குரிய பாதத்தை வேறொருவர் செதுக்குகிறார். இம்மலரை விரித்து நம் பெயர்களைத் தேடும்போது, அவற்றைத் தாங்கி நிற்கும் எழுத்தையும் ஒருகணம் நோக்குவோமாக.